ஒரு வேளைச் சோறும் ஒரு முழு வளர்ப்பும்: காரைக்கால் கரையில் குழந்தைகளுக்கான அறம்

காரைக்காலில் கொடுக்கும் கைகளுக்கு என்றும் பஞ்சம் வந்ததில்லை. கணவனுக்கென்று வைத்திருந்த மாங்கனியைப் பசித்து வந்த அடியவருக்குப் படைத்தவர் புனிதவதி. அவர் நினைவாகவே ஆனிப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழா நடக்கிறது. பிச்சாடனர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்தெல்லாம் மக்கள் கனிகளை இறைப்பார்கள். அதில் ஒரு கனி கைக்கு வந்தால் பிள்ளை வரம் கிட்டும் என்று நம்பிப் புடவைத் தலைப்பை ஏந்தி நிற்கும் பெண்கள் பலர். திருநள்ளாற்றில் சனிக்கிழமைதோறும் எள்சாதமும் துணியும் காசும் தானமாகக் கைமாறுகின்றன. மஸ்தான் சாகிப் தர்காவின் கந்தூரியிலும் மாதா கோயில் திருவிழாவிலும் சோறு பொதுவாகிறது. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் பிரான்சிலும் உழைப்பவர்களின் பணம் ஊருக்கு வந்துகொண்டே இருக்கிறது.

இவ்வளவு ஈகையும் ஊரின் மிகச் சிறிய, தன் குறையைச் சொல்லத் தெரியாத மனிதரிடம், அதாவது பெற்றவரின் கவனிப்பை இழந்த குழந்தையிடம், எந்த வடிவில் போய்ச் சேருகிறது? சேர்ந்தபின் எத்தனை நாள் நிலைக்கிறது? இக்கட்டுரை ஆராயும் கேள்வி இதுதான். டெல்டாக் கரையின் பழைய அறச்சாலைகளையும், ஆழிப்பேரலைக்குப் பின் நடந்தவற்றையும், உலகெங்கும் காப்பகங்களைப் பற்றி நடந்த ஆய்வுகளையும், இன்றைய சட்டத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரே முடிவுதான் தெளிகிறது: உதவி குழந்தையின் வீட்டுக்கு முதலில் போக வேண்டும்; போன உதவி ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத கொடை, எவ்வளவு நல்ல மனத்தோடு தரப்பட்டாலும், குழந்தையைவிடக் கொடுத்தவருக்கே அதிக நிறைவைத் தருகிறது.

யார் இந்தக் குழந்தை

ஆதரவற்ற குழந்தை என்றதும் தாயும் தந்தையும் இல்லாத பிள்ளைதான் நினைவுக்கு வருகிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இதைவிட விரிவாகப் பார்க்கிறது. பெற்றோர் இருந்தும் அவர்களால் பராமரிக்க இயலாத பிள்ளை, பிச்சை எடுக்கும் பிள்ளை, வேலைக்கு அனுப்பப்படும் பிள்ளை, கொடுமை செய்பவரோடு வாழும் பிள்ளை, குழந்தைத் திருமண ஆபத்தில் இருக்கும் பெண் என எல்லாரையும் அது ‘பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை’ என்ற ஒரே வகையில் சேர்க்கிறது.

காரைக்காலின் வாழ்க்கையைப் பார்த்தால் இந்த விரிவு ஏன் தேவை என்பது புரியும். மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல் என்று அமைந்த இம்மாவட்டம் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை சுமார் 2 லட்சம். கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி, காரைக்கால்மேடு போன்ற மீனவ ஊர்களில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை பிடித்துப் போனால், வீட்டின் வருமானம் சிறைக் கதவுக்குப் பின்னால் நின்றுவிடும். நெடுங்காட்டிலும் திருநள்ளாற்றிலும் காவிரியின் கடைமடை வயல்கள். தண்ணீர் வராத ஆண்டில் கூலி வேலையும் இல்லை. தமிழ்நாட்டில் இல்லாத சாராயக் கடை இங்கே சட்டப்படியே நடக்கிறது. தகப்பன் உயிரோடு இருந்தும் வீட்டில் இல்லாத நிலை, தாய் வெளியூர் வேலைக்குப் போய்ப் பாட்டியிடம் விட்ட பிள்ளை, பள்ளியிலிருந்து மெல்ல நழுவி மீன் ஏலக் கூடத்துக்குப் போகும் சிறுவன்: புறக்கணிப்பு பெரும்பாலும் இப்படித்தான் சத்தமில்லாமல் நுழைகிறது. அநாதை இல்லத்தின் வாசலில் மட்டும் நின்று கொடுக்கும் கொடை இந்த வீடுகளைக் காண்பதே இல்லை.

ஆபுத்திரன் முதல் சத்திரம் வரை

இந்தக் கடற்கரைக்குக் கைவிடப்பட்ட குழந்தை புதியதன்று. காரைக்காலுக்கு வடக்கே உள்ள பூம்புகாரைக் களமாகக் கொண்ட மணிமேகலைக் காப்பியத்தின் அறம் அப்படிப்பட்ட ஒரு பிள்ளையிடமிருந்துதான் தொடங்குகிறது. சாலி என்பவள் பெற்றுத் தோட்டத்தில் விட்டுச் சென்ற பிள்ளைக்கு ஒரு பசு ஏழு நாள் பால் சுரந்தது. பின்னர் இளம்பூதி என்னும் அந்தணன் அவனை எடுத்துச் சென்று, தன் வீட்டில் வளர்த்து, கல்வியும் தந்தான். ஆபுத்திரன் என்று பெயர் பெற்ற அவனே பிறகு மதுரையில் குருடரையும் முடவரையும் பேணுநர் இல்லாதவரையும் அழைத்து உணவளித்து, அமுதசுரபியைப் பெற்றான். ஏழு நாள் பால் அவன் உயிரைக் காத்தது. பல ஆண்டு வளர்ப்பு அவனைப் பிறருக்குக் கொடுப்பவனாக ஆக்கியது. காப்பியம் இந்த இரண்டையும் தனித்தனியாகவே சொல்கிறது. நம் ஈகை மரபோ அமுதசுரபியை நினைவில் வைத்துக்கொண்டு, இளம்பூதியை மறந்துவிட்டது.

வரலாற்றில் முழு வளர்ப்புக்கு நெருங்கி வந்த ஓர் ஏற்பாடு தஞ்சை மராட்டியர் காலத்துச் சத்திரங்கள். இராமேசுவர யாத்திரைப் பாதையில் இருந்த இந்தச் சத்திரங்களின் வருவாயைக் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொள்ளாமல் காக்க, 1801-இல் இரண்டாம் சரபோஜி எழுதிய கடிதம் அவற்றின் நடைமுறையை விளக்குகிறது. சத்திரத்துக்கு வரும் ஆதரவற்ற பிள்ளைகள் ஆசிரியரின் பொறுப்பில் விடப்பட்டார்கள். மூன்று வேளை உணவு, குறிப்பிட்ட நாள்களில் எண்ணெய்க் குளியல், துணி, நோய் வந்தால் மருந்து, கல்வி என எல்லாம் கிடைத்தன. படித்து முடித்தவர்களுக்குத் திருமணச் செலவும் சத்திரத்தையே சேர்ந்தது. கடிதத்தை எழுதியவரும் ஆதரவற்ற நிலையை அறிந்தவர்தான். தஞ்சை மன்னர் துளஜாஜியின் தத்துப் பிள்ளையான சரபோஜி, அவர் மறைவுக்குப் பின் அமர்சிங்கின் ஆட்சியில் அடைபட்டுக் கிடந்தார்; அவர் பிழைக்கவும் படிக்கவும் வழிசெய்தவர் ஷ்வார்ட்ஸ் பாதிரியார். ஒரு பிள்ளைக்குப் பொறுப்பான ஒருவர், கல்வி, பருவம் வந்தபின் வாழ்க்கை அமையும்வரை துணை: இன்றைய சட்டம் கேட்கும் பெரும்பாலானவை அந்தச் சத்திரங்களில் இருந்தன. அதற்குக் காரணம், அவை நிலவருவாயின்மேல் நின்றன. யாருடைய பிறந்தநாளையும் எதிர்பார்த்து இருக்கவில்லை.

தொலைதூரக் கொடையாளர்

காரைக்காலுக்கு வடக்கே தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கிய மறைப்பணியாளர் சீகன்பால்கு, பிள்ளைகளுக்கு உணவும் உடையும் தந்து பாடம் சொல்லிய பள்ளிகளைத் தொடங்கினார். ஜெர்மனியின் ஹாலே நகரில் பிராங்கே நடத்திய அநாதை இல்லமே அவருடைய முன்மாதிரி. இங்கிருந்து அனுப்பிய கடிதங்கள் 1710 முதல் ஹாலே அறிக்கைகளாக அச்சாகி ஐரோப்பிய வாசகரிடம் போயின. அவற்றைப் படித்தவர்கள் பணம் அனுப்பினார்கள். கண்ணால் காணாத பிள்ளைக்காகக் கடல் கடந்து கொடுக்கும் வழக்கம் இக்கரையில் அப்படித்தான் வேரூன்றியது. பிரெஞ்சுப் புதுவையில் 1827-இல் குளூனி சகோதரிகள் வந்ததும், 1962-இல் வொலோந்தாரியா அமைப்பு தொடங்கி பிரான்ஸ், பெல்ஜியம் குடும்பங்களைப் புதுவைப் பிள்ளைகளோடு இணைத்ததும் அதே மரபின் தொடர்ச்சி.

இதனால் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் எழுத்தறிந்தார்கள் என்பதை மறுக்க முடியாது. அதோடு ஒரு சிக்கலும் வந்து சேர்ந்தது. தொலைவில் இருப்பவருக்குக் கதை தேவைப்படுகிறது. கதைக்குப் பிள்ளையின் துயரம் தேவைப்படுகிறது. அன்று கடிதம், இன்று கைப்பேசிப் படம். காப்பகத்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கேக் வெட்டும் படத்தை முகநூலில் போடுகிறவர்கள், இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவை அறிந்திருக்க வேண்டும். ஊடகத்திலோ வேறு வகையிலோ இப்பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிட்டால் 6 மாதம்வரை சிறையோ 2 லட்சம் ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. பிள்ளை வளர்ந்து, வேலைக்கும் திருமணத்துக்கும் நிற்கும் நாளில் அந்தப் படம் அவள்முன் வந்து நிற்கக் கூடாது என்பதே இப்பிரிவின் அக்கறை.

அறம் கடமையான இடம்

தனியார் ஈகையால் முடியாததை அரசு ஏற்ற இடங்களும் இந்த வரலாற்றில் உண்டு. இந்திய மாகாணங்களில் குழந்தைகள் சட்டத்தை முதலில் இயற்றியது சென்னை, 1920-இல். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலுக்கு அது பொருந்தவில்லை. ஆனால் பிரெஞ்சு நிர்வாகம் 1930-லேயே புதுச்சேரிப் பகுதியில் பள்ளி மதிய உணவைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் காமராஜர் 1956-இல் பரவலாக்கியதும், எம்.ஜி.ஆர். 1982-இல் சத்துணவாக விரித்ததும், 2022-இல் காலை உணவு வந்ததும் எல்லாரும் அறிந்தவை.

இதன் விளைவைக் கொடையாளர் கவனிக்க வேண்டும். பள்ளி நாளில் பிள்ளையின் ஒரு வேளைச் சோறு இன்று உரிமையாகிவிட்டது. ஆனாலும் நம் தானம் இன்னும் சோற்றைச் சுற்றியே நிற்கிறது. ஒரே காப்பகத்துக்கு ஒரே ஞாயிறன்று இரண்டு வீட்டுப் பிறந்தநாள் பிரியாணி வந்து சேர, அங்கே வளரும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தர ஆள் இருப்பதில்லை. குறை இருக்கும் இடம் மாறிவிட்டது. கொடுக்கும் பொருள் மாறவில்லை.

ஆழிப்பேரலை கற்பித்தவை

2004 டிசம்பர் 26 காலை காரைக்கால் கரையில் ஏறத்தாழ 500 பேரும், பக்கத்து நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000-க்கும் மேற்பட்டவர்களும் மாண்டார்கள். சில நாள்களில் உலகத்தின் பரிவு முழுவதும் இந்தச் சிறு கரையில் வந்து குவிந்தது. துணிமூட்டைகள் சாலையோரம் கிடந்து மக்கின. பெற்றோரை இழந்த பிள்ளைகளைத் தாருங்கள், நாங்கள் வளர்க்கிறோம் என்று எங்கிருந்தெல்லாமோ கேட்டு வந்தார்கள்.

அப்போது தமிழ்நாடு அரசு காட்டிய நிதானம் இன்றும் பாடமாக நிற்கிறது. பிள்ளைகள் அவசரத் தத்தெடுப்புக்கு விடப்படவில்லை. உறவினர் யாரேனும் இருக்கிறார்களா என்று தேடுவது முதலில் வந்தது; பிள்ளைகளின் பெயரில் வைப்புத்தொகை போடப்பட்டது; யாரும் இல்லாதவர்களுக்கு அவர்கள் வாழ்ந்த மாவட்டத்திலேயே அரசு இல்லம் அமைந்தது. அப்படி எழுந்த நாகப்பட்டினம் அன்னை சத்யா இல்லத்தின் பிள்ளைகளோடு அன்றைய ஆட்சியர் ஜெ. ராதாகிருஷ்ணன், மாற்றலாகிச் சென்ற பிறகும் தொடர்பை விடவில்லை. அங்கே சிறு குழந்தையாக வந்து வளர்ந்த பெண்ணின் திருமணத்தில் 2022-இல் அவர் குடும்பத்தாரைப் போல நின்றார். நிவாரணப் பொருள் கொண்டுவந்த பலர் அந்தப் பதினேழு ஆண்டுகளில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் திரும்பத் திரும்ப வந்தார் என்பதே அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த பெரிய கொடை.

அதே நிவாரணம் இன்னொன்றையும் காட்டியது. மீனவ ஊர்களில் உதவிப் பொருள் பெரும்பாலும் ஊர்ப் பஞ்சாயத்து வழியாகவே போனது. ஊர் ஒற்றுமையால் வேலை விரைவாக நடந்தது. அதே வழியில் விதவைகளும், மீன்பிடியைச் சாராத தலித் கூலிக் குடும்பங்களும் பல இடங்களில் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். பெரியவர்களே விடுபடும் இடத்தில் அவர்களின் பிள்ளைகள் எண்ணப்படுவதில்லை. உள்ளூர் அமைப்பு வழியாகக் கொடுப்பது நல்லது. அந்த அமைப்பில் யார் பேசுவதில்லை என்று பார்த்துக் கொடுப்பது அதனினும் நல்லது.

காப்பகம் பற்றி ஆய்வுகள் சொல்வது

கைவிடப்பட்ட பிள்ளைக்குக் காப்பகம் என்பது நமக்கு இயல்பாகத் தோன்றும் விடை. கடந்த இருபது ஆண்டு ஆய்வுகள் அதைக் கடைசி விடையாகத் தள்ளியிருக்கின்றன. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000-இல் தொடங்கிய ஆய்வில், காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேர் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். குடும்பத்தில் வளர்ந்தவர்கள் அறிவிலும் பேச்சிலும் பிணைப்பிலும் மேம்பட்டார்கள். இரண்டு வயதுக்கு முன் போனவர்களிடம் முன்னேற்றம் கூடுதலாக இருந்தது. காப்பகங்களில் வாழும் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள் என்று ‘சேவ் த சில்ட்ரன்’ அமைப்பு 2009-இல் மதிப்பிட்டது. வறுமைதான் அவர்களைப் பிரிக்கிறது. காப்பகத்துக்குப் பணம் தாராளமாக வர, வீட்டுக்கு வராமல் போனால், பிள்ளையைக் காப்பகத்தில் விடுவதே ஏழைத் தாய்க்குப் புத்திசாலித்தனமான முடிவாகிவிடும். ஈகையே பிரிவை உண்டாக்கும் விபரீதம் இது.

தமிழ்நாட்டுக்கும் இதில் கசப்பான பங்கு உண்டு. மாமல்லபுரம் பகுதிக் காப்பகங்களில் பாலியல் கொடுமை நடப்பதாக 2007-இல் வந்த செய்தியை உச்ச நீதிமன்றம் வழக்காக ஏற்றது. 2017 மே 5 அன்று வந்த தீர்ப்பு, எல்லாக் காப்பகங்களும் பதிவு செய்யப்பட வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் திட்டம் வேண்டும், தத்தும் வளர்ப்புப் பராமரிப்பும் முன்னுரிமை பெற வேண்டும் என்று பணித்தது. நாடு முழுவதும் 9,589 இல்லங்களைப் பார்த்த மத்திய அரசின் கணக்கெடுப்பு, அவற்றில் 32 விழுக்காடு மட்டுமே இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ்ப் பதிவானவை என்று 2018-இல் சொன்னது. பத்தில் ஒன்பதுக்கும் மேல் தொண்டு நிறுவனங்கள் நடத்தியவை. ஆகவே, கொடையாளர் முதலில் கேட்க வேண்டியது, இல்லம் 41-ஆம் பிரிவின்படி பதிவானதா என்பதை. அடுத்துக் கேட்க வேண்டியது, சென்ற ஆண்டு எத்தனை பிள்ளைகளை வீட்டோடு சேர்த்து வைத்தீர்கள் என்பதை. நல்ல இல்லம் இந்தக் கேள்வியைக் கேட்டு மகிழும். அதே வேளையில் வீட்டுக்குப் போக முடியாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அத்தகைய இல்லம் உயிர்காப்பு.

தொண்டர்களின் நேரம்

பணத்தைவிட அரிதானது நேரம். காரைக்காலுக்கு அதில் குறைவில்லை. திருவேட்டக்குடியில் என்.ஐ.டி., நகரில் ஜிப்மர் கிளை, அவ்வையார் மகளிர் கல்லூரி, வேளாண் கல்லூரி என்று ஒரு சிறு மாவட்டத்துக்குள் ஆயிரக்கணக்கில் மாணவர்கள் இருக்கிறார்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரும் மாணவர் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும்.

அந்த நேரம் எப்படிச் செலவாகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காப்பகத்தில் வளரும் சின்னப் பிள்ளைகள் புதிதாக வருபவரிடம் உடனே ஓடி வந்து ஒட்டிக்கொள்வார்கள். பார்ப்பவர் அதை அன்பு என்று நெகிழ்கிறார். மாறி மாறி வந்து போகும் முகங்களால் பிணைப்பு சிதைந்ததன் அறிகுறியாக அதைக் காண்கிறார்கள் ஆய்வாளர்கள். வெளிநாட்டிலிருந்து சில வாரத்துக்கு வந்து காப்பகத்தில் தொண்டு செய்யும் வழக்கத்தை ஐ.நா. பொதுச்சபை 2019-இல் கவலையோடு குறிப்பிட்டதற்குக் காரணம் இதுவே. உள்ளூர் மாணவர் ஒரு நாள் வந்து விளையாடிப் போனாலும் விளைவு வேறுபடாது.

இதற்கு மாற்று பக்கத்திலேயே நடந்தது. பெருந்தொற்றுக்குப் பின் 2021-இல் தமிழ்நாடு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அந்தந்தத் தெருப் பெண்கள், மாலை நேரத்தில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆயிரம் ரூபாய் மாத ஊக்கத்தொகை அவர்களுக்கு இருந்தது. ஒரு பிள்ளை இரண்டு நாள் வரவில்லையென்றால் அந்த அக்காவுக்குத் தெரியும். ஏன் வரவில்லை என்று வீட்டுக்குப் போய்க் கேட்கவும் முடியும். எல்லை ஊரான வாஞ்சூரைத் தாண்டி நாகூரில் இருந்த இந்த ஏற்பாடு எல்லைக்கு இந்தப் பக்கம் இல்லை. கல்லூரி மாணவர்களின் 240 மணி நேரத்தை ஒரே தெருவில் செலவிட்டு, ஒரு தொகுதி மாணவர் போகும்போது அடுத்த தொகுதியிடம் பிள்ளைகளை ஒப்படைத்து, நடுவில் மாறாமல் நிற்க அந்தத் தெருப் பெண் ஒருவருக்குக் கொடையாளர்கள் ஊக்கத்தொகை தந்தால், அரசாணைக்குக் காத்திராமலே இங்கும் அது நடக்கும்.

வீட்டுக்குப் போகும் பணம்

2022-இல் வந்த மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா நெறிமுறையில் நிதி ஆதரவுத் திட்டம் ஒன்று இருக்கிறது. விதவைத் தாயிடமோ, கணவன் கைவிட்ட தாயிடமோ, பாட்டி சித்தியிடமோ வளரும் பிள்ளைக்கு, பெற்றோர் கடும் நோயில் கிடக்கும் பிள்ளைக்கு, மாதம் 4,000 ரூபாய். ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இளைஞர் நீதிச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு தனிமனிதரும் குழுவும் சமூகமும் ஆதரவளிக்கும் வழியையும் திறந்து வைத்திருக்கிறது. பத்து வீடுகள் சேர்ந்து மாதம் 400 ரூபாய் போட்டால் ஒரு பிள்ளைக்கு அரசு தரும் தொகைக்கு ஈடாகும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை ஏழு ஆண்டுக்கு 3,36,000 ரூபாய். காரைக்காலில் ஒரு நடுத்தர வீட்டுத் திருமணத்தில் செலவாகும் தொகை இதைத் தாண்டிப் போகிறது.

பணத்தோடு விவரமும் தேவை. அரசுத் தொகை பெறத் தகுதியுள்ள பல தாய்மாருக்கு அது இருப்பதே தெரியாது. வருமானச் சான்று, இறப்புச் சான்று, வங்கிக் கணக்கு என்று அலைய நாள்கூலி இழக்க வேண்டும். ஒரு தன்னார்வலர் அந்த விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்து, குழந்தைகள் நலக் குழுவின் கதவுவரை உடன் போனால், அவர் கையிலிருந்து காசு போகாமலே ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 48,000 ரூபாய் போய்ச் சேரும்.

எல்லையும் ஒரு தடைதான். திருநள்ளாற்றுக் கூட்டத்தில் தனித்து நிற்கும் பிள்ளை தமிழ்நாட்டைச் சேர்ந்ததாக இருக்கலாம். காரைக்கால் பிள்ளை வேளாங்கண்ணியில் நிற்கலாம். அத்தகைய பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின்முன் கொண்டுவர வேண்டும். பின் 95-ஆம் பிரிவின்படி சொந்த இடத்துக்கு அனுப்பலாம். பார்த்தவர் செய்ய வேண்டியது குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைப்பது. பரிவோடு வீட்டுக்கு அழைத்துப் போய் வைத்துக்கொள்வதும், தெரிந்த இல்லத்தில் நேரே விடுவதும் பிள்ளையைத் தேடும் தாயிடமிருந்து அதை மறைப்பதாகவே முடியும்.

செய்ய வேண்டியது

கிராமந்தோறும் குழந்தைப் பாதுகாப்புக் குழு வேண்டும் என்கிறது அரசு நெறிமுறை. அதற்குத் தலைமை ஏற்க வேண்டிய உள்ளாட்சிப் பிரதிநிதிகளோ, 2006 தேர்தலுக்குப் பின் புதுச்சேரியில் நீண்ட காலம் தேர்ந்தெடுக்கப்படவே இல்லை. இந்த வெற்றிடத்தை அறக்கட்டளைகள், ஜமாஅத், பங்கு மன்றம், மீனவப் பஞ்சாயத்து, மகளிர் குழு, கல்லூரி எல்லாம் சேர்ந்து நிரப்ப முடியும். கொம்யூன் பஞ்சாயத்துக்கு ஒன்றாக மாதம் ஒருமுறை அவை கூடட்டும். பள்ளி ஆசிரியையும் அங்கன்வாடிப் பணியாளரும் பெண்கள் சிலரும் அதில் கட்டாயம் இருக்கட்டும். எந்தப் பிள்ளை பள்ளிக்கு வரவில்லை, எந்த வீட்டில் தாய் படுத்துவிட்டாள், எந்தக் காப்பகத்திலிருந்து யாருக்குப் பதினெட்டு வயதாகிறது என்ற பட்டியல் அவர்கள் கையில் ரகசியமாக இருக்கட்டும். ஊரின் கொடை அந்தப் பட்டியல் வழியே போகட்டும். காவிரிப் படுகையில் எண்ணெய் எடுக்கும் ஓ.என்.ஜி.சி.யும் துறைமுகமும் சமூகப் பொறுப்பு நிதியைக் கட்டடமாகத் தராமல், பதினெட்டு வயதில் வெளியேறும் இளைஞரின் படிப்புக்கும் தங்கலுக்கும் தரட்டும். அவர்களுக்கு 21 வயதுவரையும், தேவைப்பட்டால் 23 வரையும் துணை தரச் சட்டமே இடமளிக்கிறது.

இரண்டு லட்சம் பேர் வாழும் மாவட்டத்தில் கவனிப்பு இழந்த ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அறிவது இயலாத காரியமன்று. பெருநகரங்களுக்குக் கிடைக்காத வசதி அது. கொடுக்கும் மனம் இங்கே ஏற்கெனவே இருக்கிறது. அந்த மனம் ஒரு பிள்ளையைத் தேர்ந்து, அவள் வீட்டைத் தாங்கி, அவள் சொந்தக் காலில் நிற்கும்வரை உடன் நடந்தால் போதும்.